டேப் கூட்டத்தில் தொலையும் ஜிமெயில்

கேள்வி: அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். குரோமில் எந்நேரமும் இருபது, முப்பது டேப் திறந்திருக்கும். ஜிமெயில் எங்கே, வாட்ஸப் வெப் எங்கே என்று தேடியே அலுத்துவிட்டது. அவசரத்தில் வேறு டேப்பை மூடிவிடுகிறேன். எக்செல் மாதிரி இவற்றையும் தனியாகத் திறக்க முடியுமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: தாராளமாக முடியும், காசும் செலவில்லை. குரோமில் ஜிமெயிலைத் திறந்துகொண்டு வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைச் சொடுக்குங்கள். ‘காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்’ என்பதற்குள் இன்ஸ்டால் செய்யச் சொல்லி ஒரு வரி இருக்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது. பக்கத்திலேயே ‘கிரியேட் ஷார்ட்கட்’ என்றும் இருக்கும், நிறையப் பேர் அதை அழுத்திவிட்டு ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் இப்போதைய குரோமில் அது டெஸ்க்டாப்பில் ஐகானை மட்டும் வைக்கும், திறந்தால் பழையபடி டேப்தான்.

இன்ஸ்டால் செய்தால் முகவரிப் பட்டை, புக்மார்க் வரிசை எதுவும் இல்லாமல் ஜிமெயில் தனி ஜன்னலில் வந்து நிற்கும். டாஸ்க்பாரில் அதன் ஐகானை ரைட் கிளிக் செய்து ‘பின் டு டாஸ்க்பார்’ என்பதைச் சொடுக்கி, அங்கேயே நிலையாக வைத்துவிடுங்கள். அப்புறம் அதை இழுத்து முதல் இடத்தில் வையுங்கள். இனி விண்டோஸ் கீயோடு 1 அழுத்தினால் ஜிமெயில், இரண்டாவதாக வாட்ஸப்பை வைத்தால் 2. ஆல்ட்+டேப் அழுத்தும்போதும் எக்செல்லுக்குப் பக்கத்தில் தனியாகத் தெரியும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: கை பழகிவிட்டால் கண் தேடுவதில்லை.

எட்ஜிலும் மெனுவில் ‘ஆப்ஸ்’ என்ற பகுதியில் இந்த வசதி உண்டு. மேக்கில் 2023இல் வந்த சொனோமா என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பு முதல் சஃபாரி பிரவுசரின் ஃபைல் மெனுவில் ‘ஆட் டு டாக்’ இருக்கிறது. யோசனை புதிதல்ல, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா 2007இலேயே ப்ரிசம் என்ற பெயரில் செய்துபார்த்தது, 2008இல் குரோம் வந்தபோதே இந்த வசதியோடுதான் வந்தது.

கேள்வி: இப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா? நெட் இல்லாமல் வேலை செய்யுமா?

பதில்: வேகமாகாது. உள்ளே ஓடுவது அதே குரோம்தான், ராம் செலவும் கிட்டத்தட்ட அதேதான். நெட் இல்லாமல் ஓடுவது அந்தந்தத் தளத்தைப் பொறுத்தது. ஜிமெயிலின் செட்டிங்கில் ‘ஆஃப்லைன்’ என்பதை இயக்கி 7, 30, 90 நாள் என்று தேர்ந்தெடுத்தால் அத்தனை நாள் மெயில்கள் கம்ப்யூட்டரில் சேமிக்கப்படும், நெட் இல்லாதபோதும் படிக்கலாம், பதில் எழுதி வைத்தால் நெட் வந்ததும் போய்விடும்.

கேள்வி: வீட்டு மெயில், ஆபீஸ் மெயில் இரண்டையும் தனித்தனி ஆப்பாக வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் ஒரே புரொஃபைலுக்குள் (லாகின், புக்மார்க் எல்லாம் தனித்தனியாக வைத்துக்கொள்ள குரோம் தரும் பிரிவு) செய்யாதீர்கள். ஆப்பும் பிரவுசரும் ஒரே லாகினைத்தான் பயன்படுத்துகின்றன, ஓரிடத்தில் சைன் அவுட் செய்தால் மற்றதிலும் வெளியே வந்துவிடுவீர்கள். குரோமில் இன்னொரு புரொஃபைல் உருவாக்கி, அதில் ஆபீஸ் கணக்கில் நுழைந்து, அங்கிருந்து இன்ஸ்டால் செய்யுங்கள். இன்னொன்று, பலர் உட்காரும் கம்ப்யூட்டராக இருந்தால் ஆப்பை நீக்குவது மட்டும் போதாது. நீக்கும்போது டேட்டாவையும் அழிக்கட்டுமா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்யாவிட்டால், பிரவுசரில் உங்கள் மெயில் திறந்தபடியேதான் இருக்கும்.