போர்க்காலத்தில் தேர்தல் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போர் நடக்கும்போது ஒரு தலைவர் மக்களின் மனநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜெயிக்க முடியுமா? சாவு கூடக்கூட ஜனங்கள் சோர்ந்துவிடுவார்கள். போர் முடியும்வரை தேர்தல், விமர்சனம் எல்லாவற்றையும் தள்ளிவைப்பதுதானே நாட்டுக்கு நல்லது?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

ஜனங்கள் சோர்ந்துவிடுவார்கள் என்பது சரிதான். அதற்காகத் தேர்தலைத் தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு ஜனாதிபதி லிங்கனின் அரசு நடத்திய அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864ஆம் ஆண்டின் கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் லிங்கனின் தளபதி கிராண்ட்டின் படை மே, ஜூன் மாதங்களில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இழந்திருந்தது. செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து. தெற்கின் முக்கிய நகரான அட்லாண்டா இன்னும் விழவில்லை. நவம்பரில் தேர்தல். அந்த ஜூலையில்தான் லிங்கன் மேலும் 5 லட்சம் பேரைப் படைக்குக் கேட்டார். ஓட்டை மட்டும் நினைப்பவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

ஆகஸ்டில் அவர் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் ஹென்றி ரேமண்ட் எழுதினார்: காற்று நமக்கு எதிராக வீசுகிறது, அடிமை முறையைப் பற்றிப் பேசாமல், ஒன்றியத்தை, அதாவது பிரியாத அமெரிக்காவை, மட்டும் முன்வைத்துத் தெற்கோடு சமாதானம் பேசுங்கள். லிங்கன் அப்படி ஒரு கடிதத்தை வரைந்துகூடப் பார்த்தார். அனுப்பவில்லை. போர்ட் ஹட்சனிலும் ஒலஸ்டியிலும் வடக்குக்காகப் போரிட்ட கறுப்பினச் சிப்பாய்களை மறுபடி அடிமைகளாக்கினால் தனக்கு எந்தக் காலத்திலும் மீட்சி கிடையாது என்று அந்த மாதமே தன்னைச் சந்திக்க வந்தவர்களிடம் சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் 23 அன்று ஒரு தாளில் சில வரிகள் எழுதி, மடித்து ஒட்டி, அமைச்சர்களிடம் நீட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அவர்கள் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தான் தோற்பது ஏறக்குறைய உறுதி, அப்படித் தோற்றால் புதியவர் பதவியேற்பதற்குள் அவரோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பது தன் கடமை என்பதே உள்ளே இருந்தது. எனக்கு இந்தத் தாள்தான் முக்கியம். கொள்கையை விட மனமில்லை. நாற்காலியை விட்டுக்கொடுக்கத் தயார். பல தலைவர்களிடம் இது நேர்மாறாக இருக்கும்.

செப்டம்பர் 2 அன்று லிங்கனின் இன்னொரு தளபதி ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடித்தார். அப்புறம் காற்று திரும்பியது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகளில் லிங்கனுக்கு 212, எதிர்த்து நின்ற மெக்லெல்லனுக்கு 21. மெக்லெல்லன் லிங்கன் பதவி நீக்கிய தளபதி, சிப்பாய்களின் செல்லப்பிள்ளை. ஆனாலும் போர்முனையில் ஓட்டுப்போட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் லிங்கனையே தேர்ந்தெடுத்தார்கள். போரைத் தொடர்ந்தால் முதலில் சாகப்போகிறவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

விமர்சனம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே லிங்கன் தவறினார். அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் இரண்டு நாளிதழ்கள், 4 லட்சம் பேரைப் படைக்கு அழைப்பதாக அவர் பெயரிலான போலி அறிவிப்பை நம்பி அச்சிட்டன. அவரே உத்தரவிட்டு அவற்றைச் சில நாட்கள் மூடவைத்தார். இரண்டே மாதத்தில் அவர் உண்மையாகவே கேட்டது அதைவிட ஒரு லட்சம் அதிகம்.