வேலையிடத்தில் குறை சொன்னால் என்ன செய்வது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவையில் தொழிற்சாலை, சென்னையில் மென்பொருள் நிறுவனம் என இரண்டு உலகத்திலும் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மேலாளர் குறை சொல்வது, கஸ்டமர் எதிரில் திட்டு வாங்குவது, மெமோ வருவது எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள், நன்றி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மென்பொருள், சோழிங்கநல்லூர்): மேடம், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கோட் ரிவ்யூவில், அதாவது நான் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது, சீனியர் முப்பது, நாற்பது கமெண்ட் போடுகிறார். எல்லாவற்றுக்கும் 'டன்' (முடிந்தது) என்று போட்டு மாற்றிவிடுகிறேன். அடுத்த தடவையும் அதே அளவு வருகிறது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா?

தம்பி, அவருக்கு உங்களைப் பிடிக்கிறதா என்பதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். கடைசி மூன்று ரிவ்யூவை எடுத்து, கமெண்டுகளைப் பிரித்துப் பாருங்கள். கொஞ்சம் வெறும் வடிவம் பற்றியதாக இருக்கும்: இடைவெளி, பெயர் வைக்கும் விதம், பயன்படாத இம்போர்ட். அதையெல்லாம், நிரலைத் தானாகச் சோதிக்கும் லின்டர் என்ற கருவியைப் போட்டால் அனுப்பும் முன்பே நீங்களே பிடித்துவிடலாம். கொஞ்சம் நிஜமாகவே ஆபத்தானதாக இருக்கும்: மதிப்பே இல்லாமல் (null) வந்தால் உடைகிறது, பயனர் தந்த உள்ளீட்டை அப்படியே தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்கியூஎல் கட்டளையில் ஒட்டியிருக்கிறீர்கள், பிழை வந்தால் யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிடுகிறது. மீதி அவருடைய ரசனை.

ஆபத்தான வகையில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால், 'டன்' போட்டதெல்லாம் அந்த வரியை மட்டும்தான் சரிசெய்திருக்கிறது. அதற்கான காரணம் உங்களுக்குப் பிடிபடவில்லை. அவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள்: "அண்ணா, எர்ரர் ஹேண்ட்லிங் பற்றி நாலைந்து தடவை சொல்லியிருக்கீங்க. நான் எங்கே தப்பா யோசிக்கிறேன்னு ஒரு தடவை சொல்லுங்க." இப்படிக் கேட்ட ஜூனியரை நேரமில்லை என்று திருப்பி அனுப்பிய சீனியர்கள் மிகக் குறைவு.

ரசனை விஷயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். "இது டீம் விதியா, உங்கள் பரிந்துரையா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். விதி என்றால் மாற்றுங்கள். பரிந்துரை என்றால், உங்கள் வழிக்குக் காரணம் இருந்தால் இரண்டு வரியில் எழுதுங்கள். இன்னொன்று, தொள்ளாயிரம் வரியை ஒரே தடவையில் ரிவ்யூவுக்கு அனுப்பினால் நாற்பது கமெண்ட் வரத்தான் செய்யும். வேலையைச் சின்னதாக உடைத்து அனுப்புங்கள்.

கேள்வி (காப்பீட்டு நிறுவனம், மதுரை): 'உன் ஆட்டிட்யூட் சரியில்லை' என்று மேலாளர் சொன்னார். எதைத் திருத்துவது என்றே தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாதது நியாயம்தான். அதில் திருத்தக்கூடிய விஷயம் எதுவும் இல்லை. அதனால் அதை ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஒரு சம்பவத்தைக் கேட்டு வாங்குங்கள். "சார், நீங்க சொல்றதைச் சரியாப் புரிஞ்சுக்கணும். கடைசியா எப்போ அப்படித் தோணுச்சு?" என்று கேட்டால் போதும். குறுக்கு விசாரணை மாதிரி இல்லாமல், கையில் நோட்டோடு கேளுங்கள்.

ஆட்டிட்யூட் என்ற சொல்லுக்கு அடியில் பெரும்பாலும் மிகச் சின்ன விஷயம்தான் இருக்கும். மீட்டிங்கில் போனைப் பார்த்தது, மெயிலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டது, அவரைத் தாண்டி ரீஜனல் ஆபீஸில் நேராகப் பேசியது. சம்பவம் கிடைத்துவிட்டால் அதைச் சரிசெய்யலாம், அல்லது விளக்கம் சொல்லலாம்.

சம்பவமே சொல்லவில்லை என்றால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "அடுத்த மாசம் என்ன மாறியிருந்தா சரின்னு சொல்வீங்க?" அன்று சாயங்காலமே, பேசியதை மூன்று வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள். அப்ரைசல் நேரத்தில் அது உதவும்.

கேள்வி (வங்கி, திருச்சி): யாராவது குறை சொன்னால் எனக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. அதுவே இன்னொரு குறையாகிவிட்டது, அக்கா.

கண்ணீர் வந்தால் வரட்டும்மா. "எனக்குக் கண்ணு கலங்கும், ஆனா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவரின் சங்கடம் குறையும். அவரும் விஷயத்துக்குத் திரும்புவார். பேச முடியவே இல்லை என்றால் பத்து நிமிடம் கேளுங்கள், முகம் கழுவிவிட்டு வாருங்கள். ஆனால் திரும்பிப் போய் உட்காருங்கள், அது முக்கியம்.

உங்களிடம் மட்டும் கோளாறு என்று நினைக்காதீர்கள். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தார்கள். வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது சராசரியாக நன்மை செய்கிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் வேலையின் தரம் குறைந்திருக்கிறது என்று கண்டார்கள். கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவள்' என்பதற்குப் போகும்போது நன்மை குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். அதனால் பேச்சு நடக்கும்போதே காகிதத்தில் வேலையை மட்டும் எழுதுங்கள்: எந்த வவுச்சர், எந்தத் தேதி, எந்தக் கட்டம். கை எழுதிக்கொண்டிருந்தால் மனசும் அங்கேயே நிற்கும்.

கேள்வி (மத்திய அரசு அலுவலகம், சென்னை): இந்த வருட ஏபிஏஆரில் (ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை) பத்துக்கு 5.4 போட்டிருக்கிறார்கள். 'முன்முயற்சி குறைவு' என்று ஒரு குறிப்பு. எதிர்த்து எழுதினால் அதிகாரி பகைத்துக்கொள்வாரோ என்று பயம்.

எழுதுங்கள். இந்த உரிமை சும்மா வந்ததில்லை. முன்பெல்லாம் பாதகமான குறிப்பு என்றால் மட்டும்தான் ஊழியருக்குச் சொல்வார்கள். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத்துக்கு 1993-94 அறிக்கையில் 'நன்று' என்று எழுதினார்கள். பதவி உயர்வுக்கு ஐந்து வருடமும் 'மிக நன்று' வேண்டும். 'நன்று' என்பது குறை இல்லை என்பதால் அவரிடம் சொல்லவே இல்லை, பதவி உயர்வு மட்டும் கை நழுவியது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம், 2009 மே 14-இல், முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும், கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் அவர் முறையீடு செய்யலாம் என்று மத்திய பணியாளர் துறை உத்தரவு போட்டது.

4 முதல் 6-க்குள் இருந்தால் 'நன்று', 6-லிருந்து 8-க்குள் 'மிக நன்று'. உங்கள் அடுத்த பதவிக்கு எது தேவை என்று முதலில் பாருங்கள். அப்புறம் தேதியை எண்ணுங்கள், 15 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

முறையீட்டில் அதிகாரியைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். 'பாரபட்சமாக', 'உள்நோக்கத்தோடு' என்றெல்லாம் எழுதினால் படிப்பவரின் கவனம் அங்கே போய்விடும். 'முன்முயற்சி குறைவு' என்கிறாரா? நீங்களாகத் தொடங்கிய வேலைகளைக் கோப்பு எண், தேதியோடு எழுதி, நகல் இணையுங்கள். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் மறுக்கும் முறையீட்டைவிட அது நம்பும்படி இருக்கும். பகை வருமோ என்றால், முறையீடு ஒரு அரசு நடைமுறை, வசை இல்லை. கொடுக்கும் முன் அவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஜவுளிக்கடை, தி.நகர்): கஸ்டமர் எதிரிலேயே முதலாளி கத்துகிறார். தப்பு என்னுடையதுதான், ஆனால் மானம் போகிறது.

அந்த நிமிடத்தில் கஸ்டமரை மட்டும் பாருங்கள். பில்லைச் சரிசெய்து, சேலையை மாற்றிக் கொடுத்து அனுப்புங்கள். கூட்டம் ஓய்ந்ததும் தனியாகப் போய், முதலில் தப்பைப் பேசுங்கள், மானத்தை அப்புறம் பேசுங்கள். "அண்ணாச்சி, ஸ்டிக்கர் மாறினது என் தப்புதான். இனிமே பில்லு போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாத்துடறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், கஸ்டமர் போனதும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்க." வரிசை மாறினால் அவர் காதில் விழாது.

கேள்வி (ஷிப்ட் சூப்பர்வைசர், ஓசூர்): மெஷின் நின்றதைத் தாமதமாகச் சொன்னேன் என்று விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?

வாங்குங்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுவது ரசீதுக்குத்தான், குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு இல்லை. வாங்க மறுத்தால் தபாலில் வரும், மறுத்ததும் பதிவாகும்.

மெமோ என்பது வாய்ப்பேச்சில் வரும் குறை மாதிரி இல்லை. மற்ற இடங்களில் சட்டென்று மன்னிப்புக் கேட்பது நல்லது. இங்கே அவசரப்பட்டு 'மன்னிக்கவும், இனி நடக்காது' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதுவே ஒப்புதலாக நிற்கும். எத்தனை பேர் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு விசாரணையில் திணறியிருக்கிறார்கள் தெரியுமா? அதனால் கொடுத்த கெடுவுக்குள், குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். மெஷின் நின்ற நேரம், நீங்கள் மெயின்டனன்ஸுக்குச் சொன்ன நேரம், லாக் புக்கில் உள்ள நேரம் மூன்றையும் வையுங்கள். லாக் புக் நகல் உங்களிடம் இல்லை என்றால் அதையும், கூடுதல் நாளையும் எழுத்தில் கேளுங்கள். தந்ததற்கு அத்தாட்சி வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் சங்கத்திலோ தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ காட்டிவிடுங்கள்.

கேள்வி (செவிலியர், வேலூர்): மருந்து கொடுக்கும் நேரம் தவறிவிட்டதை நானே போய்ச் சொன்னேன். கடுமையாகப் பேசினார்கள். இனிமேல் சொல்லாமல் இருப்பதே நல்லதோ?

இல்லவே இல்லை. நோயாளிக்காகவும் உங்களுக்காகவும் சொல்கிறேன், இதில் மட்டும் மனம் மாறிவிடாதீர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்லப் பயப்படவில்லை என்பதே காரணம் என்று கண்டார். உங்கள் மேலே இருக்கும் மூத்த செவிலியரிடம், கோபம் ஆறியதும், நேரம் தவறியதற்கான காரணத்தைக் கொண்டுபோங்கள்: ஆள் குறைவா, ஷிப்ட் மாறும்போது சார்ட்டில் எழுதவில்லையா? காரணத்தைப் பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போகும்.

கேள்வி (அலுவலக உதவியாளர், சேலம்): என் உடை, உடம்பு பற்றி மேலாளர் 'நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று பேசுகிறார். இதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இது வேலையைப் பற்றிய விமர்சனமே இல்லை. மேலே சொன்ன எந்த ஆலோசனையும் இதற்குப் பொருந்தாது. பாலியல் சாயல் உள்ள பேச்சு, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றச்சாட்டுக்கு உரியது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். இன்றே தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் என்று குறித்துவையுங்கள்.

கேள்வி (டீம் லீட், கோவை): என்னைவிடப் பத்து வயது மூத்தவரிடம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. எப்படி?

'அண்ணா' என்று கூப்பிடுகிறீர்களா? அப்படியே கூப்பிடுங்கள், சார் என்று மாற்ற வேண்டாம். ஆனால் விஷயத்தைச் சுற்றி வளைக்காதீர்கள். "அண்ணா, போன வாரம் ரெண்டு ரிப்போர்ட்டும் வெள்ளிக்கிழமைக்கு வரலை. என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர் முழுக்கப் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி (கணக்குப் பிரிவு, ஈரோடு): சொன்ன குறையைத் திருத்திவிட்டேன். ஆனால் மேலாளர் கவனிக்கவே இல்லை.

அவராகக் கவனிப்பார் என்று காத்திருக்காதீர்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து அந்த ஒரே விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: "சார், ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல எண்ட்ரி தவறுதுன்னு சொன்னீங்க. இந்த மாசம் ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி கொள்முதல் பதிவேட்டோட ஒத்துப் பார்த்தேன், வித்தியாசம் வரலை. வேற ஏதாவது பார்க்கணுமா?" தாளையும் கையில் கொண்டுபோங்கள்.