எம்ஜிபி காரில் வி8 எஞ்சின், லாக்புக்கில் இன்னும் 1798 சிசி

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். என்னிடம் 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரைக் கார்) இருக்கிறது. பழைய எஞ்சின் தேய்ந்துவிட்டதால், 3.5 லிட்டர் ரோவர் வி8 எஞ்சினையும் அதோடு வரும் ஐந்து கியர் பெட்டியையும் நானே வாங்கிக் கொடுத்து, சென்ற ஆண்டு ஒரு கராஜில் பொருத்தினேன். பின் ஆக்சிலையும் மாற்றினார்கள். வேலைக்கும் உதிரிப்பாகங்களுக்கும் 8,600 பவுண் கொடுத்தேன். எக்ஸாஸ்ட் குழாய்களை இரு பக்க இன்னர் விங்குகளிலும் (முன் சக்கரங்களுக்கு உட்புறம் உள்ள பாடித் தகடுகள்) துளை வெட்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். போக்குவரத்து நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் எஞ்சின் கொதிக்கிறது. கேட்டால் "எஞ்சின் நீங்கள் கொடுத்தது" என்கிறார் கராஜ் உரிமையாளர். காப்புறுதியைப் புதுப்பித்தபோது இந்த மாற்றத்தைச் சொல்லவில்லை. லாக்புக்கையும் (வண்டியின் பதிவுப் புத்தகம்) மாற்றவில்லை. 40 வயது கடந்த வண்டி என்பதால் எம்ஓடி (ஆண்டுதோறும் செய்யும் கட்டாய வாகனப் பரிசோதனை) எடுப்பதில்லை. என் நிலை என்ன?

பதில்: வி8 எஞ்சினைப் பொருத்தியதில் சட்ட விரோதம் ஏதுமில்லை. எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை இதே 3528 சிசி எஞ்சினை எம்ஜிபி ஜிடி (மூடிய கூரை மாடல்) காரில் வைத்து 2,591 வண்டிகள் தயாரித்தது. உங்கள் சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: இன்னர் விங்கில் வெட்டிய துளையில் ஒன்று, சொல்லாமல் விட்ட தகவலில் மற்றொன்று. இரண்டாவதுதான் அவசரம். காப்புறுதி நிறுவனம் எழுத்தில் சம்மதம் தரும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

காப்புறுதியைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2012-இல் இயற்றப்பட்டு 2013 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் போகாதபடி நியாயமான கவனம் எடுப்பது உங்கள் கடமை. புதுப்பிக்கும்போது "பழைய விவரங்கள் சரிதானா, மாற்றம் உண்டா" என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கும். அதைக் கண்டும் பேசாமல் இருந்திருந்தால், அதுவே தவறான கூற்றாகக் கருதப்படலாம். அடுத்து எழும் கேள்வி, அது கவனக்குறைவா, தெரிந்தே செய்ததா என்பது. தெரிந்தே செய்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆனால் மாற்றம் பற்றித் தெளிவாகக் கேட்டிருந்தால், அது அவர்களுக்கு முக்கியமான விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும். எஞ்சின் இருமடங்கு பெரிதானது தெரியாது என்று நீங்கள் சொல்லவும் முடியாது. ஆகவே இந்த அனுமானத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெரிந்தே செய்தது என்று முடிவானால் நிறுவனம் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கலாம். கட்டிய பணத்தையும் பொதுவாகத் திருப்பித் தராது. கவனக்குறைவு என்றால் கணக்கு வேறு. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் காப்புறுதியே தந்திருக்க மாட்டார்களா? அப்படியானால் கோரிக்கையை நிராகரித்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். கூடுதல் கட்டணம் கேட்டிருப்பார்கள் என்றால் விகிதப்படி குறைப்பார்கள். நீங்கள் கட்டியது 240 பவுண், உண்மையில் கட்ட வேண்டியிருந்தது 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,000 பவுண் சேதத்துக்கு 60 சதவீதம், அதாவது 5,400 பவுண்தான் கிடைக்கும்.

உங்கள் வண்டியால் இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்டால் அவர் கைவிடப்பட மாட்டார். 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு, குதிரைத்திறன், சிசி அளவு போன்றவற்றைக் காட்டிப் பாலிசியில் போடும் கட்டுப்பாடுகள் மூன்றாம் தரப்புக்கு எதிராகச் செல்லாது என்கிறது. ஆனால் அப்படிக் கொடுத்த பணத்தை நிறுவனம் உங்களிடம் திரும்பக் கேட்கலாம். ஒரு கடுமையான காயத்துக்கான நட்டஈடு வீட்டையே விழுங்கிவிடும் தொகையாக இருக்கும். காப்புறுதிச் சான்றிதழ் பெறுவதற்காகப் பொய் சொல்வதும் முக்கியத் தகவலை மறைப்பதும் அதே சட்டத்தின் 174-ஆம் பிரிவில் தனிக் குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள்.

தொலைபேசியில் சொன்னால் போதாது; அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். எஞ்சினின் வகை, சிசி, எண், மாற்றிய தேதி, கியர் பெட்டி, பின் ஆக்சில் விகிதம், பிரேக் விவரம், இன்னர் விங்கில் வெட்டியது எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரேக்கைப் பற்றி அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். தொழிற்சாலை வி8 காருக்கு முன் பிரேக் டிஸ்குகள் தடிப்பாகவும் கேலிப்பர்கள் பெரிதாகவும் வந்தன. உங்கள் வண்டியில் 1972-ஆம் ஆண்டுப் பிரேக்கே இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிறுவனம் மறுத்தால், மாற்றியமைத்த பழைய கார்களுக்கே காப்புறுதி தரும் முகவர்கள் பிரித்தானியாவில் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது, சந்தை மதிப்புக்குப் பதிலாக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி கேளுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு சாதாரண 1.8 லிட்டர் எம்ஜிபியின் விலையில்தான் பேரம் தொடங்கும்.

இனி எம்ஓடி. 2018 மே 20 முதல் 40 வயது கடந்த வண்டிக்கு எம்ஓடி தேவையில்லை என்பது பாதி விதி. கடந்த 30 ஆண்டுகளுக்குள் அது கணிசமாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பது மறுபாதி. ஒவ்வொரு ஆண்டும் வாகன வரியைப் புதுப்பிக்கும்போது நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி (தபாலகத்தில் என்றால் வி112 படிவம்) இதைத்தான் சொல்கிறது.

எஞ்சினைப் பொறுத்தவரை இதற்கான அரசு வழிகாட்டு நெறி தாராளமானது. அதே அடிப்படை எஞ்சினின் வேறு கொள்ளளவும், அந்த மாடலுக்குத் தொழிற்சாலையே தந்த மாற்று எஞ்சினும் கணிசமான மாற்றமாகாது. சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருந்தால் அது தொழிற்சாலை மாற்று எஞ்சினாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றும் அந்த நெறி சொல்கிறது. உங்களுக்கு நான்கு எட்டாகிவிட்டது. தொழிற்சாலை வி8 ஜிடி மாடலில் மட்டுமே வந்தது, ரோட்ஸ்டரில் வரவில்லை என்பது எதிர்வாதம். அதற்கு நல்ல பதில் உண்டு. ஒரு வகை மாற்றம், அந்தக் கார் உற்பத்தியில் இருந்த காலத்திலோ உற்பத்தி நின்று பத்து ஆண்டுக்குள்ளோ செய்யப்பட்டு வந்தது என்று காட்ட முடிந்தால் அது கணிசமான மாற்றமாகக் கொள்ளப்படாது. எம்ஜிபி உற்பத்தி 1980-இல் நின்றது. கென் காஸ்டெல்லோ 1970-களின் தொடக்கத்திலேயே எம்ஜிபிக்குள் ரோவர் வி8 வைத்து விற்றவர். தொழிற்சாலை வி8 வருவதற்கு முன்பே அது தெருவில் ஓடியது. ஆகவே எஞ்சினை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கம் வலுவானது. பின் ஆக்சிலும் கவலைக்குரியதல்ல: 3.909 விகிதத்தை 3.071-க்கு மாற்றுவது வி8-க்குத் தேவையான ஒன்று, திறனையோ பாதுகாப்பையோ மேம்படுத்தும் ஆக்சில் மாற்றங்களுக்கு நெறியில் விலக்கு இருக்கிறது.

துளைதான் வாதத்தைப் பலவீனமாக்குகிறது. எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சட்டகம், இன்னர் விங் அதன் ஒரு பகுதி. எக்ஸாஸ்டை அதன் வழியாக எடுப்பது 1992-இல் அறிமுகமான எம்ஜி ஆர்வி8 காரின் பாணி. 1980-இலிருந்து பத்து ஆண்டு என்ற வரம்பை அது தாண்டிவிட்டது. தொழிற்சாலை ஜிடி வி8 போல எஞ்சினை ஒட்டி இறங்கும் வார்ப்பு மேனிஃபோல்டுகளை (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) போட்டிருந்தால் இந்தப் பேச்சே எழாது. கராஜ் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தது என்பது புரிகிறது: வெளியே எடுத்தால் பானெட்டுக்குள் சூடு குறையும், ஸ்டியரிங் ஷாஃப்டுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் அதன் சட்ட விளைவை உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

என் யோசனை: அடுத்த முறை அந்த உறுதிமொழியைக் கொடுக்காதீர்கள், எம்ஓடி எடுங்கள். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்தான். 1975 ஆகஸ்டுக்கு முன் ஓடத் தொடங்கிய வண்டிக்குப் புகையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி, வாயு அளவீடு கிடையாது. புதிய எஞ்சின் போட்டதால் அது மாறாது. எம்ஓடி எடுப்பதால், பழைய வண்டிகளுக்கான வரலாற்று வாகன வரிப் பிரிவும் போகாது. ஹரோ 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் லண்டன் வலயம்) எல்லைக்குள் வந்துவிட்ட நிலையில், அந்தப் பிரிவுதான் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டாமல் உங்களைக் காக்கிறது. எம்ஓடி தேவைப்படும் வண்டியை அது இல்லாமல் ஓட்டினால் அபராதம் 1,000 பவுண் வரை.

வாகனப் பதிவை நடத்தும் டிவிஎல்ஏவுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு. எஞ்சின் எண்ணும் சிசியும் மாறியதை வி5சி லாக்புக்கில் குறித்து ஸ்வான்சியிலுள்ள அதன் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எஞ்சின் வாங்கிய ரசீதை ஆதாரமாக இணைக்கலாம். காப்புறுதிக்காக எடுத்த பரிசோதனை அறிக்கையும் ஏற்கப்படும். டிப்ஸ்டிக் அருகே பிளாக்கில் பொறித்த எண்ணைச் சுத்தம் செய்து படம் எடுத்து, ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அனுப்புமுன் லாக்புக்கை நகலெடுத்து வையுங்கள். சொல்லாமல் விட்டால் இதற்கும் 1,000 பவுண் வரை அபராதம் உண்டு.

மற்றது பாடியை வெட்டியது. டிவிஎல்ஏயின் பழைய புள்ளிக் கணக்கில் மொத்தம் 14: மாற்றாத பாடிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர் பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. பதிவெண்ணை வைத்துக்கொள்ள 8 வேண்டும். எஞ்சின், கியர் பெட்டி, ஆக்சில் மூன்றும் போனாலும் உங்களுக்கு 9 மிஞ்சும். பாடியின் 5 போனால் 4 தான். க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் (வயதோ மூலமோ உறுதியில்லாத வண்டிக்குக் கொடுப்பது) தனிப் பரிசோதனையும் அங்கேதான் காத்திருந்தன. 2025 ஆகஸ்ட் 26 முதல் கொள்கை தளர்ந்திருக்கிறது: பாடியையோ சேசிஸையோ கட்டமைப்பில் மாற்றிய வண்டியும், டிவிஎல்ஏவுக்கு அறிவித்தால், தன் பதிவெண்ணையும் சேசிஸ் எண்ணையும் தக்கவைக்கலாம். அறிவிப்பது கட்டாயம். பழைய பயத்தில் துளையை மறைக்க இப்போது காரணமே இல்லை. துளையின் படங்களையும் விளிம்புக்குப் போட்ட வலுவூட்டலின் படங்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கராஜ் விஷயத்துக்கு வருவோம். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த ரேடியேட்டர், மின்விசிறி, குழாய்கள் தரமாகவும் இந்தப் பயன்பாட்டுக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். "எஞ்சின் நீங்கள் கொடுத்தது" என்பது எஞ்சினுக்குள் இருந்த குறைக்கு மட்டுமே பதில். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) கசிந்திருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். நான்கு சிலிண்டர் ரேடியேட்டரையே விட்டுவைத்தது, மின்விசிறி காற்றைத் தவறான திசையில் தள்ளுவது, குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருப்பது என்றால் பொறுப்பு அவருடையது. எக்ஸாஸ்டை வெளியே எடுத்தும் நின்றால் கொதிக்கிறது, ஓடும்போது கொதிப்பதில்லை என்றால், சந்தேகம் முதலில் விசிறி மீதும் ரேடியேட்டர் மீதும்தான் விழ வேண்டும்.

ஆகவே வேறொரு கராஜில் எதையும் கழற்றுமுன், சுதந்திரமான வாகனப் பொறியாளரிடம் எழுத்து அறிக்கை வாங்குங்கள். குளிர்நீர் அமைப்பின் அழுத்தச் சோதனை, எட்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவு, குளிர்நீரில் எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்ற சோதனை, ரேடியேட்டரின் அளவு, விசிறியின் திசையும் அது எந்த வெப்பத்தில் இயங்கத் தொடங்குகிறது என்பதும், எக்ஸாஸ்டுக்கும் ஸ்டியரிங் ஷாஃப்டுக்கும் பிரேக் குழாய்க்கும் உள்ள இடைவெளி, இவை அறிக்கையில் இருக்க வேண்டும். எஞ்சினின் உள்குறை எது, பொருத்திய வேலையின் குறை எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிரிப்பு இல்லாத அறிக்கை உங்களுக்கு உதவாது.

பிறகு அறிக்கையின் நகலோடு கராஜுக்குக் கடிதம் எழுதுங்கள். முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, அவர் செலவில் வேலையைச் சரியாக மீண்டும் செய்து தருவது. அது முடியாமல் போனாலோ, நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ விலைக் குறைப்புக் கேட்கலாம். பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். முழுத் தொகையான 8,600-ஐக் கேட்டாலும் அது 10,000 பவுணுக்குள் இருப்பதால் இங்கிலாந்தில் சிறு உரிமைக்கோரல் முறையில் வரும். வென்றாலும் வழக்கறிஞர் கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது என்பதால் நீங்களே நடத்துவது நல்லது. நிபுணர் அறிக்கையை முன்வைக்க நீதிமன்ற அனுமதி வேண்டும், அதற்கான செலவில் 750 பவுண் வரைதான் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனாலும் தாமதித்தால் "இடையில் வேறு யாரோ கை வைத்தார்கள்" என்ற வாதத்துக்கு இடம் கொடுப்பீர்கள். பணத்தில் ஒரு பகுதியையாவது கராஜுக்குக் கடன் அட்டையில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் அட்டை நிறுவனத்திடமும் அதே கோரிக்கையை வைக்கலாம்.

கராஜ் மீண்டும் செய்து தர ஒப்புக்கொண்டால், என்ன ரேடியேட்டர், எந்த விசிறி, எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நின்ற நிலையில் முப்பது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வெப்பமானியை உங்கள் முன்னிலையில் காட்ட வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். காப்புறுதிச் சம்மதம் வராவிட்டால் வண்டியை லாரியில் ஏற்றியே கராஜுக்கு அனுப்புங்கள். அந்தச் செலவின் ரசீதையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.