ஐந்து டாலர் போர்வை

கேள்வி: கறுப்பின மக்களின் கலை பற்றிய கட்டுரையில் ஓவியங்களுக்கு நடுவே ஒரு போர்வையையும் சேர்த்திருந்தீர்கள். பைபிள் கதைகளைத் துணியில் தைப்பது பக்தி, கைவேலை. இதில் நீதிக்கான போராட்டம் எங்கே வருகிறது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: போர்வை முழுக்க வருகிறது. பைபிள் கதை என்று கேள்விப்பட்டதுமே தள்ளிவிட்டீர்கள், கட்டம் கட்டமாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதைத் தைத்த ஹாரியட் பவர்ஸ் 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகருக்குப் பக்கத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் தண்டனை என்று சட்டம் இருந்த இடம் அது. அடிமைமுறை ஒழிந்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட 28 வயது. எஜமானர்கள் ஏற்பாடு செய்த பிரசங்கங்களில் அடிமைகள் திரும்பத் திரும்பக் கேட்டது எஜமானுக்குக் கீழ்ப்படி என்ற வசனத்தைத்தான். பவர்ஸ் தைத்ததில் நமக்கு மிஞ்சியிருக்கும் இரண்டு போர்வைகளிலும் அந்த வசனம் கிடையாது. தம்பியைக் கொன்ற காயீன் இருக்கிறான், முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இருக்கிறான், மீன் விழுங்கிய யோனா இருக்கிறார். மனிதரை மேடையேற்றி ஏலம் விட்ட ஊரில் பிறந்த ஒரு பெண் அந்த முப்பது காசைத் துணியில் வெட்டித் தைக்கிறார் என்றால் அதை வெறும் பக்தி என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது போர்வை 1895க்குப் பிறகு தைத்தது, 15 கட்டங்கள், இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வேதமும் ஊர் வரலாறும் ஒரே வரிசையில் வருகின்றன. 1833 நவம்பர் 13 இரவில் விண்கற்கள் மழையாகக் கொட்டியது ஒரு கட்டம். அவர் பிறப்பதற்கு முன்பே நடந்தது, பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் தெரிந்திருக்கும். உலகம் முடிந்தது என்று மக்கள் நடுங்கினார்கள், கடவுளின் கை நட்சத்திரங்களைத் தடுத்து நிறுத்தியது என்பது அவர் சொன்ன விளக்கம். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இன்னொரு கட்டம்: கடவுளைப் பற்றி எதுவுமே கற்பிக்கப்படாமல் வளர்ந்த பணக்காரர்கள் நித்திய தண்டனைக்குப் போகிறார்கள், அதே கட்டத்தில் பெட்ஸ் என்ற பன்றி, யாருக்கும் அடங்காதது, ஜார்ஜியாவிலிருந்து வடக்கே வர்ஜீனியா வரை 500 மைல் ஓடுகிறது. பணக்காரருக்கு நரகம், பன்றிக்கு விடுதலை. இதைவிட வெளிப்படையாக ஒரு தீர்ப்பு எழுத முடியுமா?

அப்புறம், கைவேலை என்றீர்களே. முதல் போர்வையை 1886இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளையின ஓவிய ஆசிரியை அப்போதே விலைக்குக் கேட்டார். பவர்ஸ் எந்த விலைக்கும் தர மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துக் கஷ்ட காலம் வந்து, கணவரும் வற்புறுத்த, பத்து டாலர் கேட்டார், கிடைத்தது ஐந்து. சரி என்று கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று உட்கார்ந்து சொன்னார், ஸ்மித் எழுதிவைத்துக்கொண்டார். அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்ற பிறகும் பவர்ஸ், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவது போல, பல முறை ஸ்மித்தின் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.