ஹோடனோஷோனி மணிவேலைப்பாட்டில் வரும் செடிகொடிகளுக்குப் பொருள் உண்டா, வெறும் அழகுக்கா?

நிச்சயமாக உண்டு. இராக்குவா என்று பிறர் அழைத்த ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்புதான் ஹோடனோஷோனி. நியூயார்க் மாநிலமும் கனடாவின் எல்லைப் பகுதிகளும் அவர்கள் வாழும் மண்.

பழைய பாவாடை ஓரங்களைக் கிட்டத்தில் பாருங்கள். வெள்ளை மணியில் வரிசையாக அரைவட்டங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் இரண்டு இழைகள் எதிரெதிர்ப் பக்கம் சுருண்டு போகும், இளம் பெரணித் தளிர் மாதிரி. அரைவட்டம் வானக் கூரை. மேலே முளைப்பது வானுலக மரம். அந்த மரம் பெயர்ந்த பள்ளத்தின் வழியாகத்தான் வானப்பெண் கீழே விழுந்தாள், ஆமையின் முதுகில் பூமி உருவானது என்பது அவர்களின் படைப்புக்கதை. ஒரு துணியின் ஓரத்தில் இவ்வளவும் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

ஸ்ட்ராபெர்ரி ஆண்டின் முதல் பழம். ஜூன் மாதம் அதற்கென்றே நன்றி சொல்லும் சடங்கு உண்டு. வானுலகம் போகும் வழியெங்கும் அது காய்த்திருக்கும் என்பார்கள். ஒரே நிலத்தில் சேர்ந்து வளரும் சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சகோதரிகள் என்பார்கள். வெள்ளை பைன் சமாதான மரம்: அதன் ஊசியிலைகள் ஐந்தைந்தாகக் கொத்தாக இருப்பது, கூட்டமைப்பைத் தொடங்கிய ஐந்து இனங்களை நினைவூட்டும். டஸ்கரோரா மக்கள் 1722-வாக்கில் ஆறாவதாகச் சேர்ந்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் நயாகரா அருவிக்கு வந்த பயணிகளுக்குப் பெண்கள் ஊசி செருகும் குட்டி மெத்தைகளை விற்றார்கள். இடத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதல் மணிகளைக் கோத்துத் தைப்பார்கள். வரிசை வில்லாக வளைந்து, இதழும் பழமும் துணியிலிருந்து புடைத்து நிற்கும். விற்பனைக்குச் செய்தவை என்பதால் அவற்றில் பொருளே இல்லை என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வாங்கியவருக்கு அது பூ. தைத்தவளுக்கு அந்த ஸ்ட்ராபெர்ரியின் கதை தெரியும்.