சந்திரபாபு பாடியதில் உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது?

'புத்தியுள்ள மனிதரெல்லாம் வெற்றி காண்பதில்லை'. 1962இல் வந்த 'அன்னை' படப் பாட்டு. எழுதியவர் கண்ணதாசன், இசை ஆர். சுதர்சனம்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே, "நகைச்சுவை நடிகர் என்றாலும் சில பாட்டுகளை நன்றாகவே பாடியிருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த 'என்றாலும்' என்னை விடவில்லை. நீங்கள் தப்பான எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரிகிறது. வயது இருபது, இருபத்தைந்து இருக்கும். வீட்டில் பெரியவர் யாராவது முணுமுணுத்ததைக் கேட்டிருப்பீர்கள், இல்லை செல்போனில் அரை நிமிடத் துண்டாக ஏதாவது ஒன்று கண்ணில் பட்டிருக்கும். அதனால் கோபம் உங்கள் மேல் இல்லை. அந்த ஒரு சொல்லை நான் நான்கு வருடம் மேடையில் சுமந்தவன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1980களில் பகலில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் கொடை, பொங்கல், கல்யாணம் என்று வந்தால் இரவில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுவேன். அப்போதெல்லாம் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருத்தர் டி.எம்.எஸ். வாய்ஸ், ஒருத்தர் பி.பி.எஸ். வாய்ஸ், புதுப் பாட்டுக்கு எஸ்.பி.பி. வாய்ஸ். நோட்டீஸிலும் அப்படித்தான் அச்சடிப்பார்கள். நான் சந்திரபாபு வாய்ஸ். டி.எம்.எஸ். வாய்ஸுக்கு ஒரு ராத்திரிக்கு 75 ரூபாய், எனக்கு 40. மூன்று பாட்டுதானே பாடுகிறாய் என்பது குழு நடத்தியவர் சொன்ன காரணம். எட்டுப் பாட்டு பாடத் தயாராகத்தான் இருந்தேன். கொடுத்தால்தானே?

நடுராத்திரி தாண்டி, கூட்டம் துண்டை விரித்துப் படுக்கிற நேரத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். தலையில் ஒரு தொப்பியைச் சாய்த்து வைத்து, "காலை வளைச்சு ஆடு, ஜனம் முழிச்சுக்கணும்" என்று தள்ளிவிடுவார்கள். 'நான் ஒரு முட்டாளுங்க', 'பம்பரக் கண்ணாலே', 'உனக்காக எல்லாம் உனக்காக'. எப்போதும் இந்த மூன்றுதான். நல்ல பாட்டுகள். அதில் எனக்குக் குறை இல்லை. 'சகோதரி' எடுத்து முடித்த படம். அதற்குப் பிறகு சந்திரபாபு வருகிற பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். 'நான் ஒரு முட்டாளுங்க' அதில் வந்த பாட்டு. ஒரு படத்தையே தூக்கி நிறுத்த அவரைக் கூப்பிட்டார்கள் என்றால் அவர் கையில் என்ன இருந்திருக்க வேண்டும்?

அவர் பாட்டைப் பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். டி.எம்.எஸ். பாட்டில் குரலை நன்றாகத் திறந்து, கார்வை கொடுத்து, அதாவது சுரத்தை நீட்டிப் பிடித்து நின்றால் பாதி வேலை முடிந்தது. (டி.எம்.எஸ். ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் விடிவதே அவர் பாடிய முருகன் பாட்டில்தான்.) சந்திரபாபு பாட்டில் நின்று சாய்ந்துகொள்ள அப்படி ஓர் இடமே இருக்காது. பாதி பேச்சு, பாதி பாட்டு. சொல்லைத் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போட வேண்டும், ஆனால் அடுத்த அடி சரியாக வந்து விழ வேண்டும். அப்புறம் அந்த யோடலிங். மார்பிலிருந்து வருகிற குரல் மெல்லிய கள்ளக்குரலுக்குத் தாவுகிற இடத்தில் ஒரு உடைப்பு உண்டு. மற்ற பாடகர்கள் அது வெளியே தெரியாமல் இருக்கத்தான் வருடக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். அவர் அந்த உடைப்பையே அழகாக்கிக் காட்டினார். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் கூட இருக்க, ஒரே மூச்சில் பாட வேண்டும். ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து எல்லோரும் வாசிக்க வேண்டும். அதில் நின்றவரை 'என்றாலும்' போட்டுப் பேசலாமா?

சரி, ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். 1988, பங்குனிப் பொங்கல், ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம். அந்த வாரம்தான் என் தம்பிக்கு ஒரு வேலை கைக்கு எட்டி நழுவியிருந்தது. படிப்பில் எங்கள் தெருவிலேயே முதல் ஆள் அவன். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த மனசோடு தொப்பியை வைத்துக்கொண்டு ஆட எனக்கு முடியவில்லை. மேடையில் ஏறியதும் தொப்பியைக் கழற்றி ஆர்மோனியப் பெட்டி மேல் வைத்தேன். தபலாக்காரரிடம் மட்டும், "அண்ணே, 'புத்தியுள்ள மனிதரெல்லாம்'" என்றேன். ஒத்திகையே பார்க்காத பாட்டு. அவர் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கீபோர்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முன்வரிசையில் விசில். "ஆடு, ஆடு" என்று கத்தினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று முழுதும் பாடினேன். எல்லோரும் உருகிப்போய்க் கை தட்டினார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு துண்டு பறந்து வந்து மேடையில் விழுந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நான் முதன்முறையாகப் பாடகனாக நின்றேன். பல்லவியைத் திரும்ப எடுக்கிற இடத்தில் குரலை அழுத்தவே கூடாது, சும்மா சொல்லிவிட்டுப் போக வேண்டும், அப்போதுதான் அது கனக்கும் என்பது அன்றைக்குத்தான் பிடிபட்டது. அதுவரை அந்த இடத்தில் அழுது காட்டப் பார்த்திருந்தேன். சந்திரபாபு அதில் அழவே இல்லை. ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

விடியற்காலை வேனில் ஏறும்போது எனக்கு 20 ரூபாய்தான் கிடைத்தது. "காமெடி வாய்ஸுக்கு எதுக்கு தத்துவம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் குழு நடத்தியவர். மூன்று மாதத்தில் விலகிவிட்டேன்.

"தத்துவம் கண்ணதாசனுடையது, சந்திரபாபு பாடியது மட்டும்தானே" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், சொல் கவிஞருடையதுதான். ஆனால் அதே கண்ணதாசன் தான் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் 'பிறக்கும் போதும் அழுகின்றாய்' பாட்டை யாரிடம் பாடக் கொடுத்தார்? அது 1960. எத்தனையோ குரல்கள் இருந்த காலம். இன்னொன்றும் சொல்கிறேன். 1954இல் வந்த 'பெண்' படத்தில் 'கல்யாணம்' பாட்டுக்குத் திரையில் வாயசைத்தவர் எஸ். பாலசந்தர், ஆமாம், வீணை பாலசந்தர்தான். குரல் சந்திரபாபுவுடையது. அப்பேர்ப்பட்ட சங்கீதக்காரருக்கே பின்னணி பாடியவர் இவர்.

பழைய காயத்தைக் கிளறிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கல்யாணத்துக்குப் பாட வருகிறவர்களுக்குக் கடைசிப் பந்தியில் சாப்பாடு போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. போன வருடம் ஒரு மண்டபத்தில் பார்த்தேன். பாடின பெண் பிள்ளைக்குப் பதினொன்றரை மணிக்கு இலை போட்டார்கள். சாம்பார் தீர்ந்து ரசம்தான் இருந்தது. மூன்று மணி நேரம் தொண்டை வற்றப் பாடிய பிள்ளை. உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் குழு வைத்தால், வாத்தியக்காரர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். ஐம்பது இலை கூடுதலாகப் போடப்போவதில்லை, எட்டுப் பேர்தான்.

இனி கேட்க நினைத்தால், 'குங்குமப் பூவே'யிலிருந்து ஆரம்பியுங்கள். 'மரகதம்' படம், கூடப் பாடியவர் ஜமுனாராணி. எல்லோருக்கும் உடனே பிடிக்கிற பாட்டு அது. அப்புறம் 'குமார ராஜா'வில் வருகிற 'ஒண்ணுமே புரியலே உலகத்திலே'. அதற்குப் பிறகு 'புத்தியுள்ள மனிதரெல்லாம்'. முழுப் பாட்டாகக் கேளுங்கள், துண்டாக வேண்டாம். கேட்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் 1927இல் பிறந்து, 1974 மார்ச் 8இல் போய்விட்டார். 50 வயதுகூட ஆகவில்லை.

அந்தத் தபலா அண்ணனுக்கு இப்போது எழுபத்தாறு. கை நடுக்கம் வந்துவிட்டது, வாசிப்பதில்லை. ஆனால் போனில் பேசும்போது நான் பல்லவியை எடுத்தால், அந்தப் பக்கம் நாற்காலிக் கட்டையில் விரல் தட்டுகிற சத்தம் கேட்கும்.