பேஸ்பால்: கையைத் திருத்தும் முன் காலைப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 12 வயது. கிரிக்கெட் நன்றாக ஆடுகிறான் என்று பள்ளியில் பேஸ்பால் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். எறிந்தால் பந்து பிடிப்பவர் தலைக்கு மேலே போகிறது. பேட்டில் பாதிப் பந்து படுவதில்லை. தினமும் நூறு பந்து எறியச் சொன்னேன்; இப்போது முழங்கை வலிக்கிறது என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த நூறு பந்தை நிறுத்துங்கள். வலி முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வயதில் அங்கே எலும்பின் வளரும் பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஓயாமல் எறிந்தால் அந்த இடம்தான் இழுபட்டுப் புண்ணாகும். தைலம் தேய்த்துவிட்டு மறுநாளும் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை எறிய வேண்டாம்.

அமெரிக்காவில் இளம் பிட்சர்களுக்கு (பேட்ஸ்மேனுக்குப் பந்து வீசுபவர்களுக்கு) வைத்திருக்கும் வரம்பின்படி, 11, 12 வயதுப் பையன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 66 அல்லது அதற்கு மேல் வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு. அதுவும் ஆட்ட நாளுக்கான உச்சவரம்பு, தினசரிப் பாடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறானா? அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். எந்த ஆட்டத்துக்கு எறிந்தாலும் தேய்வது அதே கைதான்.

சரி, வலி போன பிறகு? பந்து மேலே போவதற்குப் பெரும்பாலும் காரணம், நேராக நின்று கையை மட்டும் வீசுவது. மாங்காய் அடிக்கக் கல் எடுக்கிற பையனைப் பாருங்கள், யாரும் சொல்லித்தராமலே பக்கவாட்டில் திரும்பி நிற்பான். இங்கேயும் அதேதான். வலது கைக்காரன் என்றால் இடது தோள் இலக்கைப் பார்க்க வேண்டும். இடது கால் இலக்கை நோக்கி எட்டு வைக்கும், இடுப்பு திரும்பும், நெஞ்சு திரும்பும், கை கடைசியில்தான் வரும். முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் எறிவது தள்ளுவதாகிவிடும், முழங்கைக்கும் கூடுதல் பாரம். பந்தை விட்ட பின் கை பாதியில் நிற்காமல் இடது முழங்கால் பக்கம் வந்து முடிய வேண்டும். பிடியையும் பாருங்கள்: இரண்டு விரல் தையலுக்குக் குறுக்கே, கட்டைவிரல் அடியில், உள்ளங்கையில் படாமல் கொஞ்சம் இடைவெளி.

10 மீட்டரில் தொடங்கினால் போதும். குறி தவறாமல் போன பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். பேஸ்பால் கிடைக்காவிட்டால் டென்னிஸ் பந்து எடுங்கள். கிரிக்கெட் பந்து வேண்டாம். பேஸ்பால் 142 முதல் 149 கிராம், ஆண்கள் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். பாலாற்று மணலில் ஓடட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே நின்று எறியக் கூடாது. முன்கால் புதைந்தால் மேலே சொன்ன வரிசை எல்லாம் கெட்டுவிடும். நம் ஊர் கோடை வெயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பேட்டிங்கில் கைகளை மாற்றத் தேவையில்லை. வலது கை ஆட்டக்காரனுக்கு இரண்டு ஆட்டத்திலும் இடது கை பிடியின் நுனிப்பக்கம்தான். மாற வேண்டியது பேட் வரும் பாதை. கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி வரும், பேட்டை நேராக இறக்கிப் பழகியிருப்பான். இங்கே பந்து குத்தாமலே வருகிறது. பேட் தோள் பக்கத்திலிருந்து கிளம்பிக் குறுக்கே சுழல வேண்டும். இதிலும் இடுப்புதான் முதலில்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு பிவிசி பைப்பை நட்டு, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். எதிரே பழைய கனமான போர்வையைக் கொடியில் தொங்கவிட்டால் பந்து பொறுக்கும் வேலை மிச்சம். பந்து படும்வரை தலை ஆடக்கூடாது, அதை மட்டும் கவனியுங்கள். பைப் உயரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். சுற்றி யாரும் நிற்க வேண்டாம், முக்கியமாகத் தம்பி தங்கைகள்.

அப்புறம், வருகிற பந்தையெல்லாம் துரத்துகிறானா என்று பாருங்கள். முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில், தட்டுக்கு (பேட் பிடிப்பவன் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் பலகைக்கு) மேலாக வருவதை மட்டும் அடித்தால் போதும். மற்றதை விட்டால் அவனுக்குத்தான் லாபம். நான்கு பந்து அப்படி வெளியே போனால் முதல் பேஸ் இலவசம், அதாவது அடிக்காமலே முதல் நிலைக்குப் போய்விடலாம். அப்படியும் படவில்லை என்றால் பேட் கனமாக இருக்கலாம். இடது கையால் மட்டும் பக்கவாட்டில் நீட்டி இருபது விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். கை இறங்கினால் பயிற்சியாளரிடம் சின்ன பேட் கேளுங்கள்.